பைக்காரா தண்ணிக்கு அந்தமான் ரெகுலேட்டர் வேண்டாம்

1/ மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

நம்ம மலையில அணையிலயும் அருவியிலயும் மூழ்கறவங்களைத் தேட “ஸ்கூபா செட்” வாங்கிக் கொடுக்கணும்னு கூடலூர் வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரு நிதி திரட்டல் ஓடுது. நல்ல மனசு. அதோட எனக்குச் சண்டை இல்ல. கூடவே ஒட்டி வந்த அட்டவணையோடதான் சண்டை. பத்து ரெகுலேட்டர் மாடல். விலை, எடை, “மூச்சு விட எவ்வளவு சுலபம்”, அப்புறம் நட்சத்திரம். அஞ்சு நட்சத்திரம் போட்டவங்க எல்லாம் வெதுவெதுன்னு இருக்கற கடல்ல மீன் பார்க்கப் போனவங்க. அதை வெச்சு பைக்காராவுக்கு ரெகுலேட்டர் தேர்ந்தெடுக்கப் போறோமாம்.

2/ நான் சொல்ல வர்றது இதுதான். குளிர்ந்த தண்ணிக்கு ரெகுலேட்டரை ஒப்பிடும்போது “நல்லா வேலை செய்யறப்ப எப்படி இருக்கு?”ன்னு கேட்கறது பாதிக் கேள்வி. “கெடும்போது எப்படிக் கெடும்? அப்போ உள்ள இருக்கற ஆளுக்கு இன்னொரு மூச்சு இருக்கா?” இதுதான் முழுக் கேள்வி.

இதுக்குப் பதில் இல்லாம ஒருத்தரைக்கூட தண்ணிக்குள்ள இறக்கக் கூடாது. ஏன்னா பெரும்பாலும் அவர் தேடப் போறது ஏற்கனவே இறந்து போனவரை. இறந்தவரை எடுக்க, உயிரோட இருக்கறவரைப் பணயம் வைக்கற உரிமை நமக்கு யாரும் கொடுக்கல.

3/ “டாக்டருக்கு இதுல என்ன வேலை?”ன்னு சிலர் வருவீங்க. நான் டைவர் இல்ல. அரசு ஆஸ்பத்திரியில டூட்டி பார்க்கற எம்.பி.பி.எஸ். டாக்டர். மூழ்கினவங்களை எங்ககிட்டதான் கொண்டு வருவீங்க. உயிர் இருந்தா கேஷுவாலிட்டி, இல்லன்னா போஸ்ட்மார்ட்டம்.

தண்ணிக்குள்ள நுரையீரலுக்கு என்ன ஆகும்ங்கறது என் பாடம். ரெகுலேட்டர்ங்கறது நுரையீரலுக்கு வெளிய மாட்டின ஒரு வால்வு. அந்த வால்வு உறைஞ்சா என்ன நடக்கும்னு பேச எனக்கு இடம் இருக்கு.

4/ முதல்ல ரெகுலேட்டர் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். முதுகுல இருக்கற சிலிண்டர்ல காத்து சுமார் 200 பார் அழுத்தத்துல இருக்கும். உங்க கார் டயர்ல இருக்கறது 2 பார் சொச்சம்தான். அந்த 200ஐ அப்படியே வாயில விட்டா நுரையீரல் கிழிஞ்சிடும்.

அதனால ரெண்டு கட்டமா குறைக்கறாங்க. சிலிண்டர் தலையில மாட்டற பித்தளைக் கட்டை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அது சுத்தி இருக்கற தண்ணியோட அழுத்தத்தைவிட 9, 10 பார் கூடுதலா இருக்கற அளவுக்கு இறக்கும். வாயில கவ்வற பாகம் செகண்ட் ஸ்டேஜ். நீங்க இழுக்கும்போது மட்டும், சுத்தி இருக்கற தண்ணியோட அழுத்தத்துக்குச் சமமா காத்து தரும்.

5/ இங்கதான் குளிர் உள்ள வருது. லாரி டயர்ல காத்தை இறக்கறப்ப வால்வு பக்கத்துல விரலை வெச்சுப் பாருங்க. சில்லுனு இருக்கும். அழுத்தத்துல இருந்த காத்து விரியும்போது குளிரும். டயருக்கே அப்படின்னா 200 பாருக்கு எப்படி இருக்கும்?

ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள்ள, சுத்தி இருக்கற தண்ணி உறையாம இருந்தாலும்கூட, காத்து பூஜ்யத்துக்குக் கீழ போயிடும். 28 டிகிரி கடல்ல பிரச்சினை இல்ல. சுத்தி இருக்கற வெந்நீர் மாதிரியான தண்ணி அந்தப் பித்தளையைச் சூடாக்கிக்கிட்டே இருக்கும். குளிர்ந்த தண்ணியில அந்த உதவி கிடையாது.

6/ உறையறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல ஸ்பிரிங்கைச் சுத்தி நிக்கற தண்ணி. அது ஐஸ் ஆனா வால்வு திறந்தபடியே மாட்டிக்கும். ரெண்டு, செகண்ட் ஸ்டேஜ்ல இருக்கற குட்டி லீவர். அதுல ஐஸ் கட்ட வெளித் தண்ணிகூட வேண்டாம். நீங்க விடற மூச்சுல இருக்கற ஈரமே போதும். விடியக்காலை கண்ணாடியில ஊதினா பனி படியுதே, அதே ஈரம்தான்.

மூணாவதும் ஒண்ணு இருக்கு. சிலிண்டர்ல காத்து நிரப்பின கம்ப்ரசரோட ஃபில்டர் பழசா இருந்தா ஈரம் சிலிண்டருக்குள்ளயே உக்காந்திருக்கும். அப்போ உறையறதுக்கு வேண்டியது வாசல்லயே ரெடியா இருக்கு.

7/ உறைஞ்சா மூச்சு அடைச்சுடுமா? பெரும்பாலும் இல்ல. கெட்டாலும் காத்து வர்ற பக்கமா கெடணும்னுதான் ரெகுலேட்டரை வடிவமைச்சிருக்காங்க. அதனால வால்வு திறந்தே மாட்டிக்கிட்டு காத்து நிக்காம கொட்டும். இதுக்குப் பேர் ஃப்ரீ ஃப்ளோ.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்கைப் பாருங்க. 12 லிட்டர் சிலிண்டர்ல 200 பார்னா 2400 லிட்டர் காத்து. அமைதியா இருக்கற ஒருத்தர் மேல்மட்டத்துல நிமிஷத்துக்கு 15, 20 லிட்டர் இழுப்பார். ஃப்ரீ ஃப்ளோ ஆச்சுன்னா அந்த மொத்தச் சிலிண்டரும் சில நிமிஷத்துல காலி. இன்னும் மோசம், காத்து வேகமா ஓட ஓட குளிர் கூடும், ஐஸ் இன்னும் இறுகும். தானா சரியாகிடும்னு காத்திருக்க முடியாது.

8/ இப்ப டாக்டர் பாடம். குளிர்ந்த தண்ணியில திடீர்னு இறங்கினா உடம்பு முதல் நிமிஷத்துல என்ன பண்ணும்? கோல்ட் ஷாக். நம்ம விருப்பம் இல்லாமலே ஒரு பெரிய இழுப்பு, அப்புறம் மேல்மூச்சு கீழ்மூச்சு. மூச்சோட அளவு சாதாரணத்தைவிடப் பல மடங்கு ஏறும். நெஞ்சு படபடக்கும், பி.பி. எகிறும்.

யோசிச்சுப் பாருங்க. எந்த நேரத்துல ரெகுலேட்டர் வழியா காத்து ரொம்ப வேகமா ஓடுதோ, அப்பத்தான் அது உறையற வாய்ப்பு ஜாஸ்தி. எந்த நேரத்துல ஆளுக்கு மூச்சு அதிகம் தேவைப்படுதோ, அதுவும் அதே நேரம். குளிர் ஆளையும் வால்வையும் சேர்த்துத்தான் அடிக்குது.

9/ ஃப்ரீ ஃப்ளோ ஆனவர் பதறி மேல வருவார். மூச்சை அடக்கிக்கிட்டு வந்தா நுரையீரல்ல இருக்கற காத்து விரியும். கடல் மட்டத்துல 10 மீட்டர் ஆழத்துல இருந்து மேல வந்தா ரெண்டு மடங்கு.

பைக்காரா கடல் மட்டத்துல இருந்து சுமார் 2000 மீட்டர் மேல. அங்க வெளிக்காத்தோட அழுத்தமே கடல் மட்டத்துல இருக்கறதுல சுமார் 80 சதவீதம்தான். அதே 10 மீட்டர் ஏறினா விரிவு ரெண்டே கால் மடங்கு கிட்ட. நுரையீரல் நிறைய காத்தோட ஒண்ணரை மீட்டர் ஏறினாலே பை கிழிஞ்சு, காத்துக் குமிழி ரத்தத்துல கலந்து மூளைக்குப் போன கேஸ்கள் உலகத்துல உண்டு. பக்கவாதம் மாதிரி வரும். அதைக் கேஷுவாலிட்டியில வெச்சு சரி பண்ண முடியாது.

10/ இப்ப அந்த அட்டவணைக்கு வர்றேன். அதுல “ஈ.என். 250”ன்னு ஒரு பத்தி இருந்துச்சு. எல்லாத்துக்கும் டிக். பார்த்தவங்களுக்கு நிம்மதி. அது என்னன்னு யாரும் சொல்லல.

ஈ.என். 250 ஸ்கூபாவுக்கான ஐரோப்பியத் தரம். அதுல 10 டிகிரிக்குக் கீழ இருந்தா குளிர்ந்த தண்ணி. குளிருக்குன்னு தனிப் பரிசோதனை இருக்கு. 4 டிகிரி அல்லது அதுக்கும் கீழ தண்ணி, 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம், மெஷின் நிமிஷத்துக்கு 25 மூச்சு, மூச்சுக்கு 2.5 லிட்டர், ஆக 62.5 லிட்டர். இப்படி 5 நிமிஷம் தாக்குப் பிடிக்கணும்.

11/ இந்தக் குளிர்ப் பரிசோதனையில தேறாத ரெகுலேட்டரும் ஈ.என். 250 வாங்கலாம். அதுதான் விஷயம்! 10 டிகிரிக்கு மேல மட்டும்தான் பயன்படுத்தணும்னு அர்த்தம் வர்ற மாதிரி அதோட உடம்புல ஒரு குறியும் 10ங்கற எண்ணும் பொறிச்சிருப்பாங்க. சின்ன எழுத்து. விளம்பரத்துல வராது, அட்டவணையிலயும் வராது.

அதனால முதல் வேலை, பொருளைக் கையில வாங்கித் திருப்பிப் பாருங்க. அந்த 10 இருந்தா அது கடலுக்கு. நம்ம மலைக்கு இல்ல. இந்த ஒரு சோதனைக்குப் பைசா செலவு கிடையாது.

12/ சரி, குளிர்ப் பரிசோதனையில தேறினா போதுமா? அதுவும் இல்ல. மெஷின் சீரா 62.5 லிட்டர் இழுக்கும். மெஷினுக்குப் பயம் கிடையாது. பதறின மனுஷன் நிமிஷத்துக்கு 100 லிட்டரையும் தாண்டுவான். மெஷின் 5 நிமிஷம். தேடல் 20, 30 நிமிஷம்.

அன்டார்க்டிகாவுல மெக்மர்டோ நிலையத்துல தண்ணி மைனஸ் 1.8 டிகிரி. அங்க 17 மாடல்களை வெச்சு 300 தடவைக்கு மேல இறங்கிப் பார்த்து 2017ல ஆய்வு வெளியிட்டாங்க. கம்பெனி “குளிருக்கு ஏத்தது”ன்னு சொன்னதை மட்டும் நம்ப முடியாதுங்கறதுதான் அதோட பாடம். மாடலுக்கு மாடல் வித்தியாசம் அவ்வளவு.

13/ அப்ப எதை வெச்சு ஒப்பிடறது? நாலு விஷயம் சொல்றேன்.

முதல்ல ஃபர்ஸ்ட் ஸ்டேஜோட வகை. பிஸ்டன், டயஃப்ரம்னு ரெண்டு. சாதாரண பிஸ்டன்ல ஸ்பிரிங் இருக்கற அறைக்குள்ள வெளித் தண்ணி நேரா நுழையும். அதனால வடிவம் எளிமை, காத்து தாராளம், கடல்ல அருமை. ஆனா குளிர்ல ஐஸ் கட்ட வேண்டிய இடத்துக்கே தண்ணியைக் கூட்டிட்டு வந்து விடற மாதிரி.

சீல் செய்த டயஃப்ரம்ல தண்ணி ஒரு ரப்பர் சவ்வுக்கு வெளியவே நின்னுடும். அழுத்தம் மட்டும் உள்ள கடத்தப்படும். அசையற பாகத்தைத் தண்ணி தொடாது. குளிருக்குப் பொதுவா இதுதான் மேல்.

14/ இது கம்பெனிச் சண்டை இல்லன்னு புரிய ஒரு உதாரணம். ஸ்கூபாப்ரோங்கற ஒரே கம்பெனி எம்.கே. 25ன்னு பிஸ்டனும் விக்குது, எம்.கே. 17ன்னு சீல் செய்த டயஃப்ரமும் விக்குது. “ஸ்கூபாப்ரோ நல்ல கம்பெனி”ங்கறது பதிலே இல்ல. எந்த மாடல், எந்தத் தண்ணிக்கு?

ஸ்வீடனோட பொசைடான், இங்கிலாந்தோட ஏபெக்ஸ் எல்லாம் குளிருக்குப் பேர் வாங்கினதுக்கும் காரணம் மந்திரம் இல்ல. அவங்க வீட்டு வாசல் தண்ணியே குளிர். எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜென்ட் இல்ல, கமிஷனும் இல்ல. அந்தக் கமெண்ட் போடறவங்க அடுத்த நம்பருக்குப் போகலாம்.

15/ ரெண்டாவது, செகண்ட் ஸ்டேஜ். முழு பிளாஸ்டிக் உடம்புன்னா எடை குறைவு, தாடை வலிக்காது, அட்டவணையில அரை நட்சத்திரம் கூடும். ஆனா பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. உள்ள குளிர்ந்த லீவருக்கு வெளித் தண்ணியோட சூடு போய்ச் சேராது.

குளிர்ந்த தண்ணியா இருந்தாலும் அந்தக் காத்தைவிடச் சூடுதான், மறந்துடாதீங்க. அதனாலதான் குளிருக்கான மாடல்கள்ல உலோக உடம்போ, வால்வு பக்கத்துல பைக் இன்ஜின்ல இருக்கற மாதிரி பட்டை பட்டையான உலோகத் தகடுகளோ வைக்கறாங்க. பைக்ல அது சூட்டை வெளிய விடும். இங்க சூட்டை உள்ள இழுக்கும்.

16/ மூணாவது, உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா? கடல்நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி கிட்ட போகணும். அணைத் தண்ணி பூஜ்யத்துலயே உறையும். அதாவது ஒரே அளவு குளிர்ல, நம்ம அணைத் தண்ணி ரெகுலேட்டருக்குள்ள சீக்கிரம் ஐஸ் ஆகும்.

“கடல்லயே வேலை செய்யுது, இந்தக் குட்டையில செய்யாதா?”ன்னு கேட்கறவங்களுக்கு இதுதான் பதில். கடல் பெருசா இருக்கலாம். ஆனா நம்ம கடல் சூடு, உப்பு. நம்ம அணை சின்னது. ஆனா குளிர், உப்பில்ல.

17/ நாலாவதுதான் ரொம்ப முக்கியம். செட்ல ரெண்டு வாய்க்குழாய் இருக்கும். ஒண்ணு தனக்கு, இன்னொண்ணு ஆபத்துல துணைக்கு. அதை ஆக்டோபஸ்னு சொல்வாங்க. பார்த்தா ரெண்டு ரெகுலேட்டர் மாதிரி இருக்கும். இல்ல! ரெண்டும் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இருந்து வருது.

ஒரு தொட்டியில இருந்து ரெண்டு குழாய் போட்டா ரெண்டு தொட்டி ஆயிடுமா? ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உறைஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் கொட்டும். அது மட்டும் இல்ல, ஆபத்துல ரெண்டு பேர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இருந்து இழுத்தா காத்தோட்டம் இரட்டிப்பு, குளிரும் இரட்டிப்பு. துணைக்குக் கொடுத்த மூச்சே ரெண்டு பேரையும் முடிச்சிடும்.

18/ இதுக்கு மாற்று என்ன? ஒரு சிலிண்டர் தலையில ரெண்டு வால்வு வெச்சு, ரெண்டு தனித்தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். ஒண்ணு கொட்ட ஆரம்பிச்சா அந்த வால்வை மூடிட்டு அடுத்ததுல மூச்சு எடுத்துக்கிட்டு மேல வரலாம். இல்லன்னா தனியா ஒரு சின்ன சிலிண்டர், அதுக்குத் தனி ரெகுலேட்டர்.

அன்டார்க்டிகாவுல ஐஸுக்கு அடியில இறங்கற அமெரிக்க விஞ்ஞானிகள் ரெண்டு தனி ரெகுலேட்டர் இல்லாம இறங்கறதில்ல. உலகத்திலயே நல்ல குளிர் ரெகுலேட்டரை வெச்சிருக்கறவங்களே அதை முழுசா நம்பல. நாம மட்டும் நட்சத்திரத்தை நம்பி ஒரே ஒரு ரெகுலேட்டரோட இறக்குவோமா?

19/ இப்ப எதிர்வாதங்கள். ஒண்ணு: “டாக்டர், நீலகிரி அன்டார்க்டிகா இல்ல. ஓவரா பயமுறுத்தறீங்க.”

நியாயமான கேள்வி. பதிலும் சுலபம், அளந்து பாருங்க. ஒரு வெப்பமானி, ஒரு நீளமான கயிறு, ஒரு பரிசல். பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, நாலு இடத்துலயும் டிசம்பர் ஜனவரியில மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு அளந்து எழுதி வைங்க. குளிர்ந்த தண்ணி கனம். அடிக்குப் போய் உக்காரும். கரையில கை நனைச்சுப் பார்த்து அடித் தண்ணியை முடிவு பண்ணக் கூடாது.

லட்சக்கணக்குல செட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கயிறும் வெப்பமானியும் வாங்கறது பயமுறுத்தலா?

20/ இன்னொண்ணு. தண்ணி 10 டிகிரிக்கு மேல இருந்தாலும் கரையில இருக்கற காத்தை மறந்துடாதீங்க. உறைபனி காலத்துல ஊட்டிப் பக்கம் விடியக்காலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும். புல்லெல்லாம் வெள்ளையா கிடக்கும். அந்த நேரத்துல கரையில நின்னு “வேலை செய்யுதா பார்ப்போம்”னு ரெகுலேட்டர்ல நாலு மூச்சு விட்டா, மூச்சு ஈரம் அங்கேயே உறையும். தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடியே பழுது ரெடி.

குளிர் நாட்டு டைவர்களுக்கு இது அரிச்சுவடி. செகண்ட் ஸ்டேஜ் தண்ணிக்குள்ள போற வரைக்கும் அதுல மூச்சு விடாதே, பட்டனை அமுக்கி விளையாடாதே. கடல்ல ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

21/ எதிர்வாதம் ரெண்டு: “நம்ம பசங்க எந்த செட்டும் இல்லாமத்தான் குதிச்சுத் தேடறாங்க. ஏதோ ஒரு ரெகுலேட்டர் இருந்தா நல்லதுதானே?”

இது கேட்க நியாயமா இருக்கும், ஆனா தப்பு. மூச்சடக்கிக் குதிக்கிறவரோட எல்லை அவர் நெஞ்சுலயே இருக்கு. ஒரு நிமிஷத்துல உடம்பு “மேல வா”ன்னு கத்தும், வந்துடுவார். சிலிண்டர் கட்டினவரோட எல்லை ஒரு பித்தளை வால்வுல இருக்கு. அது அவரை 20 மீட்டர் ஆழத்துக்கு, சேறுக்குள்ள, மூழ்கின மரக்கிளைக்குள்ள கூட்டிட்டுப் போய், அங்க வெச்சுக் கைவிடும். மோசமான செட் வெறுங்கையைவிட ஆபத்து.

22/ எதிர்வாதம் மூணு, எல்லாரும் சொல்றது: “உயிர் போற நேரத்துல தரம் பார்த்துட்டு இருப்பீங்களா?”

சரி, நேரத்தையே பார்ப்போம். 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல மூழ்குதல் பத்தி வந்த கட்டுரையில ஒரு கணக்கு இருக்கு. தண்ணிக்கடியில 5 நிமிஷம் வரை இருந்தா மரணம் அல்லது கடுமையான மூளைப் பாதிப்பு 10 சதவீதம். 6 முதல் 10 நிமிஷம்னா 56. 11 முதல் 25னா 88. 25ஐத் தாண்டினா 100.

பைக்காரா ஊட்டியில இருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். கூடலூர்ல இருந்து நடுவட்டம் ஏறி 30 சொச்சம். போன் போட்டு, வண்டி வந்து, செட் மாட்டி, இறங்கறப்ப மணி என்ன?

23/ “குளிர்ந்த தண்ணியில ரொம்ப நேரம் கழிச்சும் பிழைச்சிருக்காங்களே?” ஆமா, பிழைச்சிருக்காங்க. அதையும் ஆராய்ஞ்சிருக்காங்க. 6 டிகிரிக்குக் கீழ இருக்கற ஐஸ் தண்ணியில 90 நிமிஷம் வரைகூட நம்பிக்கை வைக்கலாம். அதுக்கு மேல சூடா இருந்தா 30 நிமிஷத்துக்கு அப்புறம் வாய்ப்பு மிக மிக அரிது.

இங்கயும் கேள்வி தண்ணியோட வெப்பநிலைதான். அதையும் நாம அளக்கல! அப்படியே தண்ணி அவ்வளவு குளிர்னு வெச்சுக்கிட்டாலும், அந்தக் குளிர்லதான் மட்டமான ரெகுலேட்டர் உறையும். அவசரத்தைக் காரணம் காட்டி மலிவு செட் வாங்கற வாதம் ரெண்டு பக்கமும் நிக்காது.

24/ அப்ப உயிரைக் காப்பாத்தறது எது? முதல் 5 நிமிஷத்துல கரையில இருக்கறது. எறியற கயிறு, மிதவை வளையம், லைஃப் ஜாக்கெட், நீச்சல் தெரிஞ்ச ஒரு காவலர், எல்லாருக்கும் புரியற மொழியில எச்சரிக்கைப் பலகை. மலைக்கு வர்றவங்க தமிழ், மலையாளம், கன்னடம் மூணும் பேசறாங்க. பலகை மூணுலயும் வேணும்.

ஒரு ஸ்கூபா செட் விலையில எத்தனை இடத்துல கயிறும் வளையமும் தொங்க விடலாம்னு கணக்குப் போடுங்க. அதுல போட்டோ எடுத்துப் போட கெத்து கிடையாது, தெரியும். ஆனா ஆஸ்பத்திரிக்கு உயிரோட வர வைக்கறது அதுதான்.

25/ உடலைத் தேடறது வேற வேலை. அது முக்கியமில்லன்னு நான் சொல்ல மாட்டேன். மார்ச்சுவரி வாசல்ல நிக்கற அப்பா அம்மா முகத்தை உங்களைவிட நான் அதிகம் பார்க்கறேன். உடல் கிடைக்காத துக்கம் ஆறாது.

ஆனா அந்த வேலையில அவசரம் நம்ம எதிரி. பாதாளக் கரண்டி, பரிசல், தண்ணிக்குள்ள விடற கேமரா எல்லாத்தையும் முதல்ல பாருங்க. 2018 டிசம்பர்ல மேகாலயாவுல க்சான் நிலக்கரிச் சுரங்கத்துல 15 பேர் வெள்ளத்துல மாட்டினப்போ நம்ம கடற்படையே போச்சு. அங்கயும் 2019 ஜனவரியில முதல் உடலைக் கண்டுபிடிச்சது ஆளில்லாத கருவியோட கேமராதான். கடற்படைக்கே ஆளை இறக்க எல்லை இருந்தா, நமக்கு இருக்கக் கூடாதா?

26/ கரையில நிக்கற கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. “என்னய்யா பார்த்துட்டு நிக்கறீங்க, இறங்குங்கய்யா”ன்னு தீயணைப்பு வீரர்களைப் பார்த்துக் கத்தாதீங்க. அந்தச் சத்தத்துக்கு மானப்பட்டு இறங்கறவர் வீட்லயும் குழந்தை இருக்கு. “இன்னிக்கு இருட்டிடுச்சு, நாளைக்குப் பார்ப்போம்”னு ஒரு அதிகாரி சொன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, பொறுப்பு. செல்போனைத் தூக்கி லைவ் போடறவங்களுக்கும் இதேதான்.

27/ இவ்வளவுக்கும் அப்புறம் செட் வாங்கித்தான் தருவோம்னா, தாராளமா தாங்க. ஆனா பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

• குளிர்ப் பரிசோதனை தேறினதா, உடம்புல அந்த 10 குறி இருக்கா?
• ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சீல் செய்ததா?
• ஒரு ஆளுக்கு ரெண்டு தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இருக்கா?
• காத்து எங்க நிரப்புவாங்க, ஃபில்டரை யார் எப்ப மாத்துவாங்க?
• வருஷா வருஷம் சர்வீஸுக்குப் பணம் யார் தருவாங்க?
• இறங்கறவர் குளிர்ந்த தண்ணியில, மலை உயரத்துல பயிற்சி எடுத்தவரா?
• கரையில இன்னொருத்தர் முழு செட்டோட தயாரா நிப்பாரா?

ஒண்ணுக்கு “இல்ல”ன்னு வந்தாலும் அந்தப் பணத்துக்குக் கயிறு வாங்குங்க.

28/ மலை உயரம் ஏன் கேட்டேன்னா, கடல் மட்டத்துக்குப் போட்ட டைவிங் அட்டவணை இங்க அப்படியே செல்லாது. முங்கி எழுந்தவர் ரத்தத்துல நைட்ரஜன் மிச்சம் இருக்கும். பைக்காராவுல எழுந்தவரை கூடலூருக்கு இறக்கினா வெளி அழுத்தம் கூடும், நல்லது. ஊட்டிக்கு ஏத்தினா குறையும், குமிழி பெருசாகும். மூட்டு வலி, கால் மரத்துப் போச்சுன்னு சொன்னா ஆக்சிஜன் கொடுங்க, படுக்க வைங்க, எந்தச் சாலை ஏறுது எது இறங்குதுன்னு பார்த்து வண்டி எடுங்க. இதையும் செட்டோட சேர்த்து எழுதிக் கொடுங்க.

29/ கடைசியா. நாம வாங்கித் தர்ற ரெகுலேட்டரை வாயில வெக்கப் போறது நாம இல்ல. மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்கற ஒரு தீயணைப்பு வீரர், இல்ல ஆர்வத்துல வர்ற நம்ம ஊர்த் தம்பி. “இது போதும்”னு விலையைப் பார்த்து நாம சொல்றது, அவரோட மூச்சுக்கு நாம போடற விலை.

நிதி திரட்டறவங்க யாராவது இதைப் படிச்சா, முதல் வசூல்ல ஒரு வெப்பமானியும் நூறு மீட்டர் கயிறும் வாங்குங்க. அளந்த எண்ணை இதே குரூப்ல போடுங்க. அப்புறம் ரெகுலேட்டரைப் பத்திப் பேசுவோம், நானும் பணம் தர்றேன்.

ஷேர் பண்ணுங்க மக்களே. முக்கியமா அந்த அட்டவணையை ஃபார்வர்ட் பண்ணின சித்தப்பாக்களுக்கு.